கரப்பான் பண்டம் என்று ஒதுக்கிவைத்தது தவறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பினாங்கு மாநிலத்துத் தாய்சேய் நலக் கிளினிக்குகளில் தாதியாகப் பணியாற்றி, 2013ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்களிடம், "முட்டையும் நிலக்கடலையும் இப்போது வேண்டாம், பிள்ளைக்கு இரண்டு வயது முடியட்டும், தோலில் கரப்பான் (எக்ஸிமா) இருந்தால் மூன்று வயதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அது தவறான அறிவுரை என்பதை இன்றைய மருத்துவ ஆய்வுகள் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிட்டன. ஆனால் நம் வீடுகளில் பாட்டிமாரும் அத்தைமாரும் இன்றும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் எடுத்துப் படிக்கும் ஏடு தங்களுடையது என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் மூத்த பேரனுக்கு இரண்டாம் மாதத்திலேயே கன்னம் இரண்டும் சிவந்து சொரசொரப்பாகிவிட்டன. பிறகு முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் நீர் கோத்து, இரவெல்லாம் சொறிந்து சொறிந்து, தலையணை உறையில் இரத்தப் பொட்டுகள் இருக்கும். கரப்பான் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். சம்பந்தியம்மாளும் நானும் கலந்து பேசி, கடலை, முட்டை, மீன், கருவாடு ஆகிய கரப்பான் பண்டங்கள் எதுவும் பிள்ளை வாயில் படக்கூடாது என்று முடிவு செய்தோம். பால் கொடுக்கும் என் மகளையும் பத்தியத்தில் வைத்தோம். இரண்டு ஆண்டுகள் அந்தக் கட்டுப்பாட்டை ஒரு விரதம் போலக் காத்தோம்.

அவனுக்கு இரண்டு வயதும் இரண்டு மாதமும் ஆகியிருந்த தீபாவளியன்று, பக்கத்து வீட்டில் கண்ணாடிப் புட்டியில் அடுக்கி வைத்திருந்த கடலை பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து, பாதிதான் கடித்திருப்பான். மாவுத்துகள் இன்னும் மோவாயில் ஒட்டியிருக்கும்போதே உதடு தடித்தது. கழுத்தைச் சுற்றித் தடிப்புகள் எழும்பி ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. வாந்தி எடுத்தான், அழுதபோது குரல் கம்மி, காற்று மட்டும் வந்தது. மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட சில நிமிடங்களில் முகத்தில் நிறம் திரும்பியதை, முப்பதாண்டுக் காலம் ஊசி போட்டுப் பழகிய நான், அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவள் போல நின்று பார்த்தேன்.

பிறகு என்னை உறங்கவிடாமல் செய்தது ஒரே கேள்விதான். இந்தப் பிள்ளை பிறந்தது முதல் ஒரு நிலக்கடலையைக்கூடத் தின்றதில்லை. தின்னாத பண்டத்தை அவன் உடம்பு பகையென்று எப்படி அறிந்துகொண்டது? முன்பே சந்தித்த பொருளைத்தானே உடம்பு அடையாளம் கண்டுவைத்திருக்கும்? அந்த அடையாளம் எந்த வழியாக உள்ளே போனது?

இதற்கான விடையை இருபதாண்டுகளுக்கு முன்பே ஆய்வாளர்கள் தேடத் தொடங்கியிருந்தனர். இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் கிடியன் லேக்கும் அவருடைய குழுவினரும் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கைக்குழந்தைகளின் புண்பட்ட தோலில் கடலை எண்ணெய் கலந்த களிம்பு தடவியதற்கும், பிற்காலத்தில் அவர்களுக்குக் கடலை ஒவ்வாமை தோன்றியதற்கும் தொடர்பு இருப்பதைக் கண்டனர். 2006ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள், தோலின் மேலடுக்கைக் கட்டிக்காக்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்தின் மரபணுவில் ஏற்படும் குறையே பல குழந்தைகளின் கரப்பானுக்கு முக்கியக் காரணம் என்று கண்டறிந்தனர். தோல் என்னும் மதில் இடிந்து கிடக்கும்போது, வீட்டுத் தூசியிலும், விரிப்பிலும், தூக்குபவர் கையிலும் இருக்கும் உணவுத் துகள்கள் அந்த வெடிப்பு வழியாக உள்ளே நுழைகின்றன. அந்த வழியில் வரும் எதையும் உடம்பின் காவல் அணுக்கள் நோய்க்கிருமியைப் போலவே நடத்தி, அதற்கெதிராக இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் எதிர்ப்பொருளை உருவாக்கி வைத்துவிடுகின்றன. அதே பண்டம் வாய் வழியாகக் குடலுக்குப் போனால், குடலில் உள்ள அணுக்கள் அதை உணவென்று ஏற்றுப் பழகிக்கொள்கின்றன. ஆக, எந்தக் கதவு முதலில் திறக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தோல் வழி முந்தினால் பகை, வாய் வழி முந்தினால் உறவு.

கரப்பான் பண்டம் என்று நாம் சொல்லும்போது, பண்டத்தால் கரப்பான் வருகிறது என்று பொருள் கொள்கிறோம். முட்டையோ பாலோ ஒத்துக்கொள்ளாமல் தோல் மோசமாகும் குழந்தைகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான குழந்தைகளிடம் நடப்பது இதற்கு நேர்மாறானது. கரப்பான் முதலில் வருகிறது. அது திறந்துவிட்ட வழியாகத்தான் பண்டம் பகையாகிறது. இதைப் படித்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் சமையலறைதான். ரோஜாக்குக்கும் சட்டினிக்கும் வறுத்த கடலையை இடித்து, கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, அந்தக் கையோடு பேரனைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்திருக்கிறேன். அவனுடைய ஒவ்வாமை அப்படித்தான் வந்தது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் எல்லோரும் கடலை தின்றுகொண்டு, பிள்ளைக்கு மட்டும் அதை வாயில் வைக்காமல் காப்பது என்பது, முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்டது போன்றது என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது.

நாங்கள் சொன்ன அறிவுரை எங்கிருந்து வந்தது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். இங்கிலாந்தில் 1998ஆம் ஆண்டு, ஒவ்வாமைக் குடும்பங்களில் பிறக்கும் குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை கடலை கொடுக்க வேண்டாம் என்று அரசு ஆலோசனைக் குழு கூறியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000ஆம் ஆண்டு, அத்தகைய குழந்தைகளுக்குப் பசும்பாலை ஒரு வயதுவரையும், முட்டையை இரண்டு வயதுவரையும், கடலை, மீன் ஆகியவற்றை மூன்று வயதுவரையும் தள்ளிப்போடச் சொன்னது. அது நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டது. ஆனால் உறுதியான சோதனையின்மேல் எழுப்பப்பட்டதன்று. அந்த அறிவுரை நடைமுறையில் இருந்த காலத்திலும் மேலை நாடுகளில் கடலை ஒவ்வாமை கூடிக்கொண்டேதான் போனது. 2008ஆம் ஆண்டு அமெரிக்கக் கழகம், தள்ளிப்போடுவதால் பயன் என்பதற்குச் சான்றில்லை என்று கூறி அதை விலக்கிக்கொண்டது. விலக்கிக்கொண்ட செய்தி, அறிவுரை பரவிய வேகத்தில் பரவவில்லை.

அதே 2008ஆம் ஆண்டில் லேக்கின் குழு ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது. இலண்டனில் வாழும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளையும், ஏறத்தாழப் பத்தாயிரம் பேரை, அவர்கள் எடுத்துப் பார்த்தனர். இரு சாராருக்கும் மரபு ஒன்றுதான். ஆனால் இலண்டன் குழந்தைகளில் 1.85 விழுக்காட்டினருக்குக் கடலை ஒவ்வாமை இருந்தது. இஸ்ரேலியக் குழந்தைகளில் அது 0.17 விழுக்காடுதான். பத்து மடங்கு வேறுபாடு. இஸ்ரேலில் பாம்பா என்னும் கடலைப் பொரியைப் பல் முளைக்கும் பருவத்திலேயே குழந்தைகள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இலண்டனில் ஒரு வயதுக்குள் கடலை கொடுப்பார் அரிது. வறுத்த கடலை வகைகள் விற்கும் கச்சாங் பூத்தே வண்டியைத் தள்ளிக் குடும்பங்களை நிமிர்த்திய நம் சமூகத்தில், கடலைக்கும் கைக்குழந்தைக்கும் இடையே இவ்வளவு பெரிய சுவரை நாமே எழுப்பியிருந்தோம் என்பதை நினைக்க எனக்கு மனம் கனக்கிறது.

ஒப்பீடு என்பது காரணத்தை நிறுவாது. ஆகவே அவர்கள் இலண்டனில் நேரடிச் சோதனையில் இறங்கினர். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இரண்டுமோ உடைய, 4 மாதம் நிறைந்து 11 மாதம் நிறையாத 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வாரத்துக்கு 6 கிராம் கடலைப் புரதத்தை மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வேளைகளில் ஐந்து வயதுவரை கொடுத்தனர். மறு பகுதியினருக்கு ஐந்து வயதுவரை அறவே கொடுக்கவில்லை. 2015ஆம் ஆண்டு முடிவு வெளிவந்தது. கடலையைத் தவிர்த்த குழந்தைகளில் 17.2 விழுக்காட்டினருக்கு ஒவ்வாமை வந்திருந்தது. தின்று வளர்ந்தவர்களில் 3.2 விழுக்காட்டினருக்குத்தான் வந்திருந்தது. அதாவது, நூறு பேருக்கு வரவேண்டியதில் எண்பது பேருக்கு வராமல் தடுக்க முடிந்தது. இந்தக் குழந்தைகள் பதின்ம வயதை எட்டியபோது மீண்டும் சோதித்து 2024ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவிலும், இடைப்பட்ட ஆண்டுகளில் அவரவர் விருப்பப்படி தின்றும் தின்னாமலும் இருந்த பின்னும், அந்தப் பாதுகாப்பு பெருமளவு நிலைத்திருந்தது. மருத்துவ ஆய்வில் இத்தனை தெளிவான விடை கிடைப்பது அரிது என்பதை என் பணி அனுபவத்தில் நான் அறிவேன்.

முட்டைக்கும் இது பொருந்தும் என்பதை ஜப்பானிய மருத்துவர்கள் 2017ஆம் ஆண்டு காட்டினர். கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு ஆறாம் மாதம் முதல் வேகவைத்த முட்டைப் பொடியைக் கடுகளவாக, நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் என்று தொடங்கி, ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகு 250 மில்லிகிராமாக உயர்த்திக் கொடுத்தனர். ஒரு வயதில் அவர்களில் 8 விழுக்காட்டினருக்குத்தான் முட்டை ஒவ்வாமை இருந்தது; கொடுக்காத குழந்தைகளில் அது 38 விழுக்காடு. அந்தச் சோதனையில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. முட்டை கொடுப்பதோடு நில்லாமல், குழந்தைகளின் கரப்பானையும் களிம்பிட்டு முறையாகக் கட்டுக்குள் வைத்திருந்தனர். ஸ்டீராய்டு களிம்பு என்றாலே அஞ்சி, மருத்துவர் எழுதிக் கொடுத்ததைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, யாரோ சொன்ன எண்ணெயைத் தடவுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை பூசுவதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. வெடித்துக் கிடக்கும் தோலை அப்படியே விட்டுவைப்பதற்குத்தான் அஞ்ச வேண்டும். கரப்பான் உள்ள தோலில் கடலை எண்ணெய் கூடவே கூடாது. அதே சமயம், பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் தினமும் ஈரப்பதக் களிம்பு பூசினால் கரப்பானே வராது என்ற எண்ணம், 2020ஆம் ஆண்டு வெளியான இரண்டு பெரிய ஐரோப்பிய ஆய்வுகளில் மெய்ப்படவில்லை. இருக்கிற கரப்பானை ஆற்றுவது ஒன்று, இல்லாத கரப்பானுக்குப் பூசுவது வேறொன்று.

ஒவ்வாமை பரம்பரையாக வருவது, நம் கையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். மெல்பர்ன் நகரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஒரு வயதுக் குழந்தைகளை நேரில் சோதித்தபோது, பத்தில் ஒருவருக்கும் மேலாக ஏதோ ஓர் உணவு ஒவ்வாமை இருந்தது. அவர்களில், கிழக்காசியாவில் பிறந்த பெற்றோருக்கு ஆஸ்திரேலியாவில் பிறந்த குழந்தைகளிடம், ஆஸ்திரேலியாவிலேயே பிறந்த பெற்றோரின் குழந்தைகளைவிடக் கடலை ஒவ்வாமை மிகுதியாகக் காணப்பட்டது. ஆசியாவில் பிறந்து வளர்ந்த பெற்றோருக்கு இல்லாத ஒன்று, இடம் மாறிய ஒரே தலைமுறையில் பிள்ளைகளுக்கு வருகிறது என்றால், பரம்பரை மட்டுமே காரணம் என்று கைகட்டி நிற்க முடியாது.

நம் பகுதிக்கென்று ஒரு தனித்தன்மையும் இருக்கிறது. சிங்கப்பூரில் குழந்தைகளிடையே ஏற்பட்ட கடும் ஒவ்வாமையை ஆராய்ந்து 1999ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட அறிக்கையில், கடலையன்று, உணவாகச் சமைக்கப்படும் பறவைக்கூடுதான் முதலிடத்தில் இருந்தது. அடுத்து இறாலும் நண்டும். அந்தந்த மக்களின் அடுப்படிக்கு ஏற்பவே ஒவ்வாமையும் அமைகிறது. கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஆய்வாளர்கள், நம் நாட்டு இறால், நண்டு வகைகளில் ஒவ்வாமை ஊட்டும் புரதங்களைப் பல ஆண்டுகளாகப் பிரித்தறிந்து வருகின்றனர். அவற்றுள் தலையாயது டிரோப்போமயோசின் என்னும் தசைப் புரதம். இதை ஒத்த புரதம் வீட்டுத் தூசியில் வாழும் பூச்சிகளின் உடலிலும் கரப்பான்பூச்சியின் உடலிலும் இருப்பதால், ஈரக்காற்று நிறைந்த நம் வீடுகளில் மெத்தைத் தூசியைச் சுவாசித்துப் பழகிய உடம்பு, இறாலையும் அதே பகையாக எண்ணிவிடக்கூடும். மேலை நாட்டில் ஆறு வகை உணவுகளை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்த சோதனையில் பால், முட்டை, கடலை, எள், மீன், கோதுமை ஆகியவைதாம் இருந்தன, இறால் இல்லை. இறாலைப் புளிக்கவைத்துச் செய்யும் பிளாச்சானும், சம்பால் ஊடாங் என்னும் இறால் சம்பாலும் அன்றாட உணவாக உள்ள நாட்டில், இறாலை எப்போது, எப்படிக் குழந்தைக்குப் பழக்குவது என்பதை நம் குழந்தைகளை வைத்து நம் ஆய்வாளர்களே சோதித்துச் சொல்ல வேண்டும். அதற்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று இந்தக் கடிதத்தின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி, வீட்டில் செய்யத்தக்கது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் என்பதில் மாற்றமில்லை. தாய் பத்தியம் இருப்பதால் பிள்ளைக்கு ஒவ்வாமை வராது என்பதற்குச் சான்றில்லை. பால் கொடுக்கும் பெண்ணைப் பட்டினி போடாதீர்கள். ஆறாம் மாதம் திட உணவு தொடங்கும்போது, நன்றாக வெந்த முட்டையையும், கடலையை மையாக அரைத்த விழுதைக் கஞ்சியில் நீர்க்கக் கரைத்தும், பிள்ளை நலமாக இருக்கும் ஒரு பகல் வேளையில், கரண்டி நுனியளவு கொடுத்துப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லையென்றால் நாளடைவில் கூட்டிக்கொண்டு, வாரந்தோறும் விடாமல் கொடுத்துவர வேண்டும். ஒருமுறை நக்கக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடுவது பயன் தராது. முழுக்கடலை மூச்சுக்குழாயில் சிக்கும். ஐந்து வயதுவரை அது வேண்டாம். கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கும், ஏற்கெனவே ஏதேனும் ஓர் உணவு ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கும் வீட்டில் நீங்களாகத் தொடங்கக் கூடாது. மேலே சொன்ன இலண்டன் சோதனையிலேயே, தோல் பரிசோதனையில் பெரிய தடிப்பு எழும்பிய குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களை மருத்துவர் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். முன்னோர் ஆறாம் மாதம் கோயிலில் வைத்துச் சோறூட்டியது எவ்வளவு பொருத்தமான வயது என்று எண்ணிக்கொள்கிறேன். ஆனால் பிறந்தவுடன் நாக்கில் தேன் தடவும் வழக்கத்தை மட்டும், அது ஒவ்வாமைக்காக அன்று, நரம்பைத் தாக்கும் நச்சுக்கிருமிக்காக, ஒரு வயதுவரை கைவிட வேண்டும்.

இரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்றை வைத்துக்கொண்டு பத்துப் பண்டங்களை நிறுத்திவிடுகிற பெற்றோரையும் காண்கிறேன். பரிசோதனையில் எதிர்ப்பொருள் தென்படுவது வேறு, தின்றால் ஒவ்வாமை வருவது வேறு. நன்றாகத் தின்றுகொண்டிருந்த பிள்ளையிடமிருந்து தாளைப் பார்த்து முட்டையைப் பறித்தால், இல்லாத ஒவ்வாமையை நாமே வரவழைத்ததாக முடியலாம்.

இவ்வளவு செய்தும் சில குழந்தைகளுக்கு ஒவ்வாமை வரத்தான் செய்யும். அந்தத் தாய்மாரை எவரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் எண்ணிக்கையைக் குறைக்க முடியும் என்பது இப்போது வெறும் நம்பிக்கையன்று. அமெரிக்காவில் கடலையை முன்கூட்டியே கொடுக்கச் சொல்லி 2017ஆம் ஆண்டு வழிகாட்டி திருத்தப்பட்ட பிறகு, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே புதிதாகக் கண்டறியப்படும் கடலை ஒவ்வாமை 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருப்பதாக 2025ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கூறுகிறது.

நான் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் கழித்து இலண்டன் ஆய்வு வெளிவந்தது; அதற்கும் பிந்திப் பிறந்தவன் என் பேரன். அந்தச் செய்தி தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கையாக என் கைக்கு வந்திருந்தால், நான் சம்பந்தியம்மாளிடம் வேறு விதமாகப் பேசியிருப்பேன். கிளினிக்கில் இளந்தாதியர் இன்று சரியாகவே சொல்லலாம். அந்த இளம் தாய் வீட்டுக்குத் திரும்பியதும் அவளிடம் கடைசி வார்த்தை சொல்வது பாட்டிதான். ஆகவே சுகாதார அமைச்சு இந்த வழிகாட்டுதலைத் தமிழில் அச்சிட்டுத் தாய்சேய் நலக் கிளினிக்குகளிலும், கோயில்களிலும், தமிழ்ப் பாலர் பள்ளிகளிலும் கிடைக்கச் செய்ய வேண்டும். தங்கள் நாளேடும் குழந்தை மருத்துவர் ஒருவரைக் கொண்டு இதைத் தொடராக எழுதச் செய்தால் பேருதவியாக இருக்கும்.

மூத்தவனுக்கு இப்போது எட்டு வயது. அவனுடைய பள்ளிப் பைக்குள் அட்ரினலின் ஊசிப் பேனா இருக்கிறது. வகுப்பாசிரியைக்கு அதைப் போடத் தெரியும். அவன் தங்கைக்கு, மருத்துவர் பரிசோதித்த பிறகு, ஏழாம் மாதம் முதல் கடலைக் கஞ்சி கொடுக்கத் தொடங்கினோம். அண்ணன் இருக்கும் வீட்டில் கடலை வைக்க முடியாதென்பதால், வாரத்துக்கு மூன்று நாள் ஜெலுத்தோங்கில் உள்ள என் வீட்டில்தான் அவளுக்கு அது கிடைக்கும். தின்று முடித்ததும் வாயைக் கொப்பளித்து, கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றி அனுப்புகிறேன். நான்கு வயதாகிறது, இன்றுவரை ஒரு தடிப்புகூட எழும்பியதில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதி,
ஜெலுத்தோங், பினாங்கு.